மூன்றாம் எந்திரத்தைத் தட்டுவது ஏன்

அந்தப் பாடத்தில் அவள் ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தாள். இணையவழி மாலைக் கல்லூரியில் மற்ற பாடங்களையெல்லாம் முட்டி மோதித் தேறிவிட்டவளுக்கு, ‘புராணங்களும் நாட்டார் கதைகளும்’ என்ற இந்த ஒன்று மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. ஒரே பாடத்தில் இரண்டாம் முறையும் தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். வேலை முடிந்து வந்து, கால் வலியோடு திரையின் முன்னால் உட்கார்ந்த மூன்று வருட மாலைப்பொழுதுகள் அத்தனையும் அதோடு போய்விடும்.

முதல் முறை தோற்ற விதம் கேட்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். வாய்மொழியாக வழங்கும் ஒரு கதையைச் சேகரித்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் நேராகச் சித்தியிடம் போனாள். சித்தி, இரண்டு சகோதரிகளும் ஒரு பேசும் கிணறும் வரும் கதையைக் கண் மூக்கு வைத்துச் சொன்னாள். யாரிடம் கேட்டதென்று விசாரித்தால், “நம்ம குடும்பத்துல வழிவழியா வர்றதுடி” என்றாள். சமர்ப்பித்த மூன்றாம் நாள், கல்லூரியின் கணினி அந்தக் கதையை ஒரு பழைய ஐந்தாம் வகுப்புப் பாடநூலில் முற்றுப்புள்ளி முதற்கொண்டு கண்டுபிடித்துவிட்டது. திரும்பப் போய்க் கேட்டபோது சித்தி அசரவில்லை. “பாடத்துல வந்ததா அது? மனசுல இருந்துச்சு, சொன்னேன். இதுக்குப் போயா மார்க்கைக் கழிப்பாங்க?”

ஆகவே இந்த முறை ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைப்பதென்று முடிவு செய்திருந்தாள். இந்தப் பருவத்துக்கான வேலை, பணியிடத்தில் வழங்கும் ஒரு நம்பிக்கையைச் சேகரிப்பது. குறைந்தது நான்கு பேரிடம் கேட்க வேண்டும். சொன்னவர், சொன்ன நாள், சொன்ன சொற்கள், அவர் யாரிடம் கேட்டார் என்று நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையாக எழுத வேண்டும்.

“நாலாவது கட்டம்தான் உயிர்,” என்றார் பேராசிரியை, திரையின் மூலைச் சதுரத்திலிருந்து. “அதைப் பிடிச்சுக்கிட்டே போங்க. ஒருத்தர் இன்னொருத்தரைக் காட்டுவார். எங்க போய் நிக்குதோ அதை எழுதுங்க. ஆனா சேகரிக்கிறவரே கதையைக் கிளப்பினவரா இருக்கக் கூடாது. இருந்தா பூஜ்யம்.”

நாற்பது பேர் இருந்த வகுப்பில், தன்னைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். நான்கு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும், தலையணை உறைகளும், நோயாளிகளின் அங்கிகளும் பின்கதவு வழியாக அழுக்கு மூட்டைகளாக வந்து, முன்கதவு வழியாக மடித்த அடுக்குகளாகப் போகும். நடுவில் ஆறு உலர்த்தும் எந்திரங்கள் வரிசையாக நின்றன. வட்டமான கண்ணாடிக் கதவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள் குந்தி உட்காரலாம். எந்திரத்தை நிரப்பி ஓட்டுவதும், உலர்ந்ததை எடுத்து மடிப்பதும் அவள் பொறுப்பு. அங்கே அவளை எல்லோரும் ‘காலேஜ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கேலியாகத் தொடங்கியது, பிறகு பெயராகவே நிலைத்துவிட்டது.

எந்த நம்பிக்கையைச் சேகரிப்பது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். இந்தக் கூடத்தில் நம்பிக்கையாவது ஒன்றாவது. சோப்புத்தூளும் வெந்நீரும்தான் இருக்கின்றன என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே மூன்றாம் எந்திரத்தை நிரப்பி, கதவைச் சாத்தி, விரல் முட்டியால் கண்ணாடியை மூன்று முறை தட்டிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். கை அப்படியே நின்றது.

மற்ற ஐந்து எந்திரங்களை யாரும் தட்டுவதில்லை. மூன்றாவதை எல்லோரும் தட்டுவார்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை தானும் தட்டிக்கொண்டிருந்தும், அது ஒரு வழக்கம் என்று இத்தனை நாள் அவள் புத்தியில் உறைக்கவேயில்லை.

முதலில் மேலாளரிடம் போனாள்.

“மூடநம்பிக்கையெல்லாம் நம்ம கூடத்துல கிடையாதும்மா. இது பாதுகாப்பு நடவடிக்கை,” என்று அவர் சுவரைக் காட்டினார். கண்ணாடித்தாள் ஒட்டிய ஓர் அறிவிப்பு அங்கே இருந்தது: ‘எந்திரம் 3: தட்டிப் பார்த்து இயக்கவும்.’

“மூணுக்கு மட்டும் ஏன் சார்?”

மேலாளர் கொஞ்சம் யோசித்தார். “மத்ததை யாரும் தட்டலையே. அதனால எழுதல.”

“நீங்க யார்கிட்ட கேட்டீங்க?”

“எல்லாரும் தட்டினாங்க. காரணம் இல்லாமலா தட்டுவாங்கன்னு நானே எழுதி ஒட்டினேன். காரணம் வேணும்னா ஆவிகிட்ட கேளு.”

ஆவி அண்ணன் என்பவர் உருளை இஸ்திரியில் நிற்பவர். நாள் முழுக்க நீராவிக்குள்ளேயே இருப்பதால் வந்த பெயர். அவர் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். அதனால் அடுத்ததாக வண்டி ஓட்டுநரைப் பிடித்தாள்.

“தெரியாதா உனக்கு?” ஓட்டுநர் மூட்டையை இறக்கிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். “ஒருத்தன் கடைசி விரிப்பை எடுக்க உள்ள தலையை விட்டிருக்கான். கவனிக்காம இன்னொருத்தன் கதவைச் சாத்திட்டான். பொத்தானை அழுத்தப் போற நேரத்துல உள்ள இருந்து மூணு தட்டு. பிழைச்சான். அதான் இப்ப நாம வெளிய இருந்து தட்டிட்டு, பதில் வருதான்னு கேக்குறோம்.”

“பதில் வந்தா?”

“வந்தா நான் அன்னிக்கே வேலையை விட்டுடுவேன்.”

“உங்களுக்கு யார் சொன்னது?”

“தையல் அக்காதான். ஆனா அவங்க வேற மாதிரி சொன்னாங்க. எனக்கு அது பயமா இருந்துச்சு, கொஞ்சம் மாத்திக்கிட்டேன்.”

இதை அப்படியே எழுதிக்கொள்ளும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நேர்மையான தகவலாளி பாடப் புத்தகத்தில்கூட இல்லை.

தையல் அக்காவின் இடம் சன்னல் ஓர மூலை. கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப்போடுவதும், அங்கிகளுக்கு நாடா தைப்பதும் அவர் வேலை. பேசும்போது ஊசியை நிறுத்தமாட்டார். அன்றைக்கு நிறுத்தினார்.

“இந்தத் துணியெல்லாம் எங்க இருந்து வருது? ஆஸ்பத்திரியில இருந்து. இதுல படுத்திருந்தவங்க சில பேர் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாங்க. சில பேர் போயிருக்க மாட்டாங்க. போகாதவங்களுக்குத் தாங்க செத்துட்டோம்னு உடனே தெரியாதாம். விரிப்போடயே சுருண்டு வந்துடுவாங்களாம். தண்ணியில ஒண்ணும் ஆகாது. சூடுதான் ஆகாது. அதான் சூடு வைக்கிறதுக்கு முன்னாடி, ‘இறங்கிக்கப்பா, உன் எடம் இது இல்ல’ன்னு தட்டிச் சொல்றது.”

அவள் எழுதுவதை மறந்து நின்றாள். பாடத்தின் முதல் பாதியில் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது: இறந்தவர்களை ஆறு கடத்திவிடும் படகோட்டிகள், பாதாளத்தின் ஏழு வாசல்கள், ஒவ்வொரு வாசலிலும் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள். தேர்வுக்காக நெட்டுருப் போட்டவை. இங்கே, குளோரின் வாடைக்கு நடுவில், அந்த வாசல்களில் ஒன்று பச்சைப் பொத்தானோடு நின்றது.

“மூணாவது எந்திரம் மட்டும் ஏன்க்கா?”

“அது எனக்குத் தெரியாது. நான் தைக்கிறவ.” அக்கா மறுபடி ஊசியைக் குத்தினார். “தட்டணும்னு எனக்கு ஆவிதான் சொன்னான். ஏதோ பூனைன்னு சொன்னான். பூனைக்காக இத்தனை பேர் தட்டுவாங்களா? நானே யோசிச்சேன், இதுதான் சரின்னு பட்டுச்சு.”

அவள் நூல் பிடித்துக்கொண்டு போனாள். மேலாளரிடமிருந்து ஆவி அண்ணனுக்கு ஒரு கோடு. ஓட்டுநரிடமிருந்து தையல் அக்காவுக்கு ஒரு கோடு, அவரிடமிருந்து ஆவி அண்ணனுக்கு இன்னொன்று. மூன்று கோடுகளும் ஒரே ஆளில் போய் முடிவதைப் பார்க்கப் பார்க்க உள்ளுக்குள் ஒரு துள்ளல். திங்கட்கிழமை ஆவி அண்ணன் வந்ததும், அவர் ஈரக் கையைத் துடைப்பதற்கு முன்பே குறிப்பேட்டோடு போய் நின்றாள்.

“பூனை குட்டி போட்டுச்சு உள்ள. சூடா இருக்குல்ல, அதுக்கு வசதி. பார்க்காம ஓட்டிட்டாங்க. அதுல இருந்துதான் தட்டுறோம்,” என்றார் அவர்.

“எப்ப நடந்துச்சுண்ணா? யார் சொன்னாங்க உங்களுக்கு?”

ஆவி அண்ணன் துண்டைக் கீழே வைத்தார். “என்ன காலேஜ், விளையாடுறியா? நீதான் சொன்ன.”

“நானா?”

“நீ சேர்ந்த புதுசுல. அப்ப மூணாவதுதான் உன் எந்திரம். கதவைச் சாத்திட்டுத் தட்டிக்கிட்டு நின்ன. என்னம்மா பண்றேன்னேன். ‘பூனை கீனை உள்ள இருந்தா என்னண்ணா பண்றது’ன்னு கேட்ட. குட்டியெல்லாம் நான் சேர்த்ததா இருக்கும். நியாயமாத்தான் கேக்குறான்னு மறுநாள்ல இருந்து நானும் தட்டினேன்.”

உருளை இஸ்திரியின் இரைச்சலுக்கு நடுவே நான்கு வருடத்துக்கு முந்தைய காலை ஒன்று மெல்லத் தெளிந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ. எந்தக் கதவையும் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பது அவள் சுபாவம். எந்திரத்தின் கதவை இழுத்தால் திறந்துகொள்ளும். அதனால் தட்டிப் பார்த்தாள். சாத்தியதைச் சாத்தினோமா என்று தன் கையையே நம்பாத ஒருத்தி என்று புது இடத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காக, வாயில் வந்த பூனையைச் சொல்லிவைத்தாள்.

அவ்வளவுதான் கதை. படகோட்டியும் இல்லை, பாதாள வாசலும் இல்லை.

வீடு திரும்பும் பேருந்தில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாலாவது கட்டத்தில் ‘நான்’ என்று எழுதினால், சேகரிப்பவளே கிளப்பிய கதை, பூஜ்யம். அதுவும் போன முறை பிடிபட்டவள். இந்த முறை சொந்தமாகவே கட்டிவிட்டாள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ‘தெரியவில்லை’ என்று எழுதினால் தேறிவிடலாம். ஆவி அண்ணன் கல்லூரிக்குப் போய்ச் சாட்சி சொல்லப்போவதில்லை. வேறு நம்பிக்கையைத் தேட நாளும் இல்லை. இன்னும் ஒரு வாரம்தான்.

அன்று மாலை ‘தெரியவில்லை’ என்று தட்டச்சு செய்தாள், அழித்தாள். மறுபடி செய்தாள், அழித்தாள். போன முறை பொய் சொன்னவள் சித்தி. அதுகூடச் சித்திக்குத் தெரியாமல் சொன்ன பொய். இது அப்படி இல்லை. கடைசியில் ‘நான்’ என்று எழுதி, அந்த மூன்றாம் நாள் காலையை ஒரு பத்தியாக விவரித்து, வரைவை அனுப்பிவிட்டாள்.

மறுநாளே பேராசிரியையிடமிருந்து பதில் வந்தது. இரண்டே வரிகள். சொன்னவர்களிடம் தானே நேரடியாகப் பேச வேண்டும். சனிக்கிழமை மதியம் காணொளியில் சேர்த்து உட்கார வைக்க முடியுமா.

அவள் செய்த தப்பு அதற்குப் பிறகுதான். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், மென்று முழுங்க முடியாமல், தையல் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆரம்பம் தான்தான் என்பதையும், அப்படியென்றால் பூஜ்யம் என்பதையும், பெயரை அடித்துவிடுவார்கள் என்பதையும்.

அக்கா கேட்டுக்கொண்டார். “அப்படியா,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

சனிக்கிழமை மதியம், ஓய்வறையில் சோப்புத்தூள் பீப்பாயின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்தார்கள். மேலாளர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பேராசிரியை ஒவ்வொருவரையும் வணங்கி, பொறுமையாகக் கேட்டார். யாரிடமிருந்து ஆரம்பித்தது இது?

“இவகிட்ட இருந்து இல்லைங்க மேடம்,” என்றார் ஆவி அண்ணன், யாரும் முந்துவதற்குள். “இவ நேத்து வந்தவ. நான் வந்தப்பவே தட்டிக்கிட்டு இருந்தாங்க.”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“ஆமா மேடம்,” என்று ஓட்டுநர் கழுத்தை நீட்டினார். “நான் சேர்ந்த அன்னிக்கு இவங்க இங்க இல்லவே இல்ல. அப்பவே ஒரே தட்டு.”

ஓட்டுநர் சேர்ந்ததே அவளுக்கு ஒரு வருடம் கழித்து. அவருக்குக் கையெழுத்துப் படிவம் எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். “நிறுவனத்தோட பாதுகாப்பு நடவடிக்கை ரொம்பப் பழசுங்க.”

பிறகு தையல் அக்கா பேசினார். மற்றவர்களைப் போல அவசரப்படவில்லை. “எனக்கு முன்னாடி என் மூலையில ஒரு அம்மா தைச்சாங்க. கண்ணாடிக்கு ஒரு பக்கம் கம்பி ஒடிஞ்சிருக்கும், நூலால கட்டியிருப்பாங்க. நான் வேலை கத்துக்க வந்த அன்னிக்கு, ‘நம்ம கைக்கு வர்ற துணியில யாராவது இருப்பாங்க, சொல்லாம சூடு வைக்காதே’ன்னாங்க. சொல்லிட்டு எந்திரத்தைத் தட்டினாங்க.”

ஓட்டுநர் நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பேராசிரியை அவளைக் கூப்பிட்டார். “உங்க வரைவுல ஒண்ணு இருக்கு, இவங்க சொல்றது வேற ஒண்ணா இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள நாலாவது கட்டத்துல நீங்க என்ன எழுதி அனுப்புறீங்களோ, அதைத்தான் நான் எடுத்துக்குவேன்.”

திரை இருண்டதும் ஆவி அண்ணன் அவள் தோளைத் தட்டினார். “போ காலேஜ். தேறிட்ட.”

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். தூண்டில் முள்போல ஒரு கேள்வி உள்ளே மாட்டிக்கொண்டது. அக்கா சொன்ன அந்த அம்மா உண்மையா? உண்மையானால், அந்த மூன்றாம் நாள் காலைக்கு முன்னால் வேறு யாரோ தட்டுவதைத் தான் பார்த்திருக்கலாம். பார்த்ததைத்தான் கை செய்திருக்கலாம். தன் சுபாவம் என்று இத்தனை நாள் நினைத்தது இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். எவ்வளவு யோசித்தும் முடிவுக்கு வரவில்லை. அக்கா பொய் சொல்லியிருந்தால், அது அவளுக்காகச் சொன்ன பொய். தகவலாளிகளிடம், இதற்கு இப்படிப் பதில் சொன்னால் நான் ஒழிந்தேன் என்று போய்ச் சொல்லிவிட்டு வந்து, அவர்கள் சொல்வதை எழுதுகிற முட்டாள் எவளாவது இருப்பாளா?

குறிப்பேட்டை எடுத்து அங்கேயே எழுதினாள். எழுதியதை வைத்துக்கொண்டு போகாமல், நான்கு பேரும் கலைவதற்குள் வாசித்துக் காட்டினாள்.

“‘தொடக்கம் நான்தான் என்று நினைக்கிறேன். இவர்கள் இல்லை என்கிறார்கள். அப்படிச் சொல்லாவிட்டால் நான் தோற்றுவிடுவேன் என்று வியாழக்கிழமை நானே இவர்களில் ஒருவரிடம் சொல்லியிருந்தேன். ஆகவே சனிக்கிழமை சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம்.’”

“அடிப்பாவி,” என்றார் ஓட்டுநர். “உனக்காக நான் ஒரு வருஷம் சீனியர் ஆனேன்.”

ஆவி அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். மேலாளர், இதில் தன் பெயர் எங்கேயும் வராதே என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு போனார். தையல் அக்கா நேராகத் தன் மூலைக்குத் திரும்பினார். அவள் பின்னாலேயே போய் நின்றாள்.

“கோபமாக்கா?”

“எங்களைப் பொய்க்காரங்கன்னு எழுதிட்ட.”

“நான் அப்படி எழுதலக்கா.”

“நம்ப வேண்டாம்னா வேற என்ன?” அக்கா ஊசியில் நூல் கோக்க முயன்றார். இரண்டு முறை தவறியது. ஊசியைக் கீழே வைத்தார். “உன்னைக் காப்பாத்தணும்னுதான் வாயைத் திறந்தேன். அது நிஜம். என்ன சொல்றதுன்னுகூட யோசிக்கல. திறந்ததும் அந்தம்மா முகம் வந்துடுச்சு. அந்தக் கண்ணாடி, அந்த நூல். பதினோரு வருஷமா நினைக்கவே இல்ல அவங்களை. அவங்க தட்டினாங்களா, இல்ல நான் இப்ப தட்ட வச்சுட்டேனான்னு கேட்டா, சத்தியமா எனக்கே தெரியல. நீ எழுதுறதுன்னா அதையும் எழுது. தெரியலன்னு எழுது. பொய்னு எழுதாத.”

அவள் குறிப்பேட்டை அக்காவின் தையல் மேசையிலேயே விரித்து வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதினாள். ‘தட்ட வச்சுட்டேனா’ என்ற இடத்தில் நிறுத்தி, சரிதானா என்று கேட்டாள். அக்கா சரி என்றார். எழுதி முடித்ததும் ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அட்டவணையை அனுப்பினாள். நாலாவது கட்டம் மட்டும் ஒன்றரைப் பக்கம் வந்திருந்தது. கட்டத்துக்குள் அடங்கவில்லை.

முடிவு வர மூன்று வாரமானது. அந்த மூன்று வாரமும் மூன்றாம் எந்திரத்தின் முன்னால் நிற்கும்போதெல்லாம் கையைத் தூக்கலாமா கூடாதா என்று தடுமாறினாள். பத்து முறை தட்டினாள், ஐந்து முறை தட்டவில்லை, மீதியை எண்ணவில்லை.

மதிப்பெண் வந்தபோது அவள் தையல் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். தேற ஐம்பது வேண்டும். அவளுக்கு ஐம்பத்து மூன்று. கைப்பேசியை அக்காவிடம் நீட்டினாள்.

“தேறிட்டியா?”

“தேறிட்டேன்க்கா. சேகரிக்கிற முறைக்கு இருபதுக்கு ஆறுதான் போட்டிருக்காங்க. வியாழக்கிழமை உங்ககிட்ட உளறினேன்ல, அதுக்கு. தொடக்கம் நான்னு எழுதினதுக்குப் பூஜ்யம் போடல. அது முடிவாகலையாம்.”

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “எனக்கு எவ்வளவு?”

“உங்களுக்குத் தனியா போட மாட்டாங்கக்கா.”

“நான் சொன்னதை எழுதினேல்ல? அதுக்குப் போட்டது எது?”

அவள் விரலை மேலே நகர்த்திக் காட்டினாள். சொன்னவர்களின் சொற்கள்: இருபதுக்குப் பதினெட்டு.

அக்கா அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு விரிப்பை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊசியை எடுத்தார்.

“மீதி ரெண்டு எங்க போச்சுன்னு கேட்டுச் சொல்லு,” என்றார்.